ஊரோடு சேர்ந்து ஆய்வு செய்வது எப்படி: முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு

கடலோரக் கிராமம் ஒன்றுக்குக் கேள்வித்தாளும் கையுமாகப் போகிற ஆய்வு மாணவரிடம் முதலில் கேட்கப்படுவது, "எந்தக் காலேஜ் தம்பி?" அடுத்தது, "இதுக்கு முன்னாடி வந்தவங்க எழுதிக்கிட்டுப் போனாங்களே, அது என்ன ஆச்சு?" 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் கரைகளில் கணக்கெடுக்காத ஆளில்லை. எத்தனை பேர், என்ன இழப்பு, என்ன படகு, தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று ஒரே வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை எங்கே போயின என்று ஊருக்குத் தெரியாது. இன்றைக்குப் புதிதாகப் போகிறவர் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்புகிற ஆய்வைப் பற்றி இங்கே பேசவில்லை. கேள்வியை முடிவு செய்வது, தகவல் சேகரிப்பது, அதற்கு அர்த்தம் காண்பது, பயன்படுத்துவது எல்லாவற்றிலும் ஊரும் பல்கலைக்கழகமும் பங்காளிகளாக இருக்கிற ஆய்வைப் பற்றியது இந்தக் கட்டுரை. இது புதிய யோசனை இல்லை. நெதர்லாந்தில் 1970களிலேயே பல்கலைக்கழகங்கள் 'அறிவியல் கடை' திறந்தன. குடியிருப்போர் சங்கமோ தொழிற்சங்கமோ ஒரு கேள்வியோடு வந்தால் மாணவர்கள் ஆராய்ந்து பதில் சொல்வார்கள். கொலம்பியாவில் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா என்ற சமூகவியலாளர் விவசாயிகளோடு சேர்ந்து வரலாறு எழுதினார். 1977ல் கார்ட்டஹேனா நகரில் இதற்கென்றே உலக மாநாடு கூடியது. நம் நாட்டில் 2014ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியான், உயர்கல்வி நிறுவனங்களைக் குறைந்தது ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்கச் சொல்கிறது. 'தத்தெடுப்பது' என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. ஆனால் உங்கள் கல்லூரியில் அந்தத் திட்டம் இருந்தால் போக்குவரத்துச் செலவுக்கு வழி பிறக்கலாம், விசாரித்து வையுங்கள்.

பேச வசதியாக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடற்கரை ஊர் ஒன்று. கிணறுகளிலும் கைபம்புகளிலும் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் உப்புக் கரிக்கிறது. நீங்கள் நிலத்தடி நீர் படிக்கிற முனைவர் பட்ட மாணவர். எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை: கேள்வியை ஊரிடம் விடுங்கள்

உங்கள் நெறியாளர் ஒரு தலைப்பு தந்திருப்பார். 'கடல்நீர் ஊடுருவலின் பரவலை வரைபடமாக்கல்' என்கிற மாதிரி ஏதோ ஒன்று. ஊரில் போய் உட்கார்ந்தால் கேள்விகள் வேறு மாதிரி வரும். எந்தக் கிணறு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்? புதிதாக போர் போட்டால் எந்தப் பக்கம் போடலாம்? பருப்பு வேகமாட்டேன் என்கிறதே, அது இந்த உப்பாலா? அப்புறம், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்த இறால் பண்ணைதான் காரணமா?"

நாலும் நல்ல கேள்விகள்தான். முதல் இரண்டுக்கு உங்கள் படிப்பே பதில் சொல்லும். மூன்றாவது தண்ணீரின் கடினத்தன்மை பற்றியது. உப்பளவோடு சேர்த்து அதையும் சோதித்தால் ஆயிற்று, பெரிய செலவில்லை. நாலாவதுக்கு மட்டும் யோசித்துத் தலையாட்டுங்கள். கீழத்தஞ்சைக் கரையில் இறால் பண்ணைகளுக்கு எதிராக காந்தியவாதித் தம்பதியான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நடத்திய போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் நீதிமன்றம் பெரிதும் நம்பியது நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளை. ஆகவே நீங்கள் அளக்கிற எண்ணும் ஒருநாள் நீதிமன்றப் படியேறலாம். அதற்குத் தாங்குகிற மாதிரி அளக்கத் தெம்பு இருக்கிறதா, உங்கள் நெறியாளரும் துறையும் கூட நிற்பார்களா என்று பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். முடியாதென்றால் அன்றைக்கே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாதி வழியில் நழுவினால்தான் வருத்தம்.

முதல் சில தடவை போகும்போது கேள்வித்தாளை எடுத்துப் போகாதீர்கள். நோட்டும் பேனாவும் போதும். கேட்டதை வைத்து ஆய்வுக் கேள்வியை இரண்டே வரியில் தமிழில் எழுதி, ஊரில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். யாரும் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை என்றால் இன்னும் உங்களை விருந்தாளியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னும் இரண்டு தடவை போய் வாருங்கள்.

இரண்டாவது: 'ஊர்' என்றால் யார், எங்கே உட்காருவது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர் இருப்பார். மீனவ ஊராக இருந்தால் அதற்கு வெளியே ஊர்ப் பஞ்சாயத்து ஒன்றும் இருக்கும். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதிலிருந்து கோயில் வரி வரை அவர்கள் பேச்சுதான் செல்லும். மீனவர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழுக்கள், இளைஞர் மன்றம் என்று இன்னும் பல. ஊராட்சித் தலைவரை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால், "எங்க கிட்ட யாரும் கேக்கலையே" என்று பஞ்சாயத்தார் சொல்லும் நாளில் வேலை நின்றுவிடும். பஞ்சாயத்தாரை மட்டும் பார்த்தாலும் ஆபத்துதான். அதில் பெண்கள் இருப்பது அரிது. வேறு சாதிக் குடும்பங்களுக்கும் அங்கே குரல் இருக்காது. தண்ணீர் சுமப்பவர்களோ பெண்கள். கடைசிக் கைபம்பு இருப்பது பெரும்பாலும் காலனியில்.

கூட்டம் எங்கே போடுகிறீர்கள் என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டுத் தருகிறோம் என்று அன்போடு சொல்வார்கள். நிழல் இருக்கும், மைக் இருக்கும். ஆனால் காலனியிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். நீங்கள் ஊரைக் கேட்டுவிட்டதாக அறிக்கையில் எழுதுவீர்கள். பள்ளிக்கூடம், பால்வாடி, மகளிர் குழுக் கட்டடம், ரேஷன் கடை வாசல் போன்ற இடங்கள் தேவலை. அதுவும் போதாது, காலனியில் தனியாக ஒரு கூட்டம், பெண்களோடு தனியாக ஒரு கூட்டம், அதற்குப் பிறகு பொதுக் கூட்டம் என்ற வரிசையில் போனால் பொதுக் கூட்டத்தில் பேசப் பழகியவர்கள் மட்டும் பேசுவது குறையும். முதல் நாள் எந்தத் தெருவில் டீ குடித்தீர்கள் என்பதைக்கூட ஊர் கவனித்திருக்கும். எல்லாத் தெருவிலும் குடியுங்கள்.

நேரமும் அப்படித்தான். மீன் விற்கிற பெண்கள் விடியுமுன் கிளம்பி மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். காலை பத்து மணிக் கூட்டம் பல்கலைக்கழக வேனுக்குத்தான் வசதி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், பேச ஆள் கிடைக்கும் என்று பல ஆய்வாளர்கள் அந்த 61 நாளைக் குறிவைப்பார்கள். ஆள் கிடைப்பது உண்மை. வருமானம் இல்லாத, கடன் ஏறுகிற காலமும் அதுதான். குடும்பச் செலவு பற்றிக் கேட்டால் வருஷம் முழுக்க அப்படியே என்கிற மாதிரி பதில் விழும். தண்ணீர்க் கணக்குக்கு அது கோடை என்பதால் உப்பு உச்சத்தில் இருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு தேதி குறியுங்கள்.

கிராம சபையை மறக்கவேண்டாம். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், உங்கள் தலைப்புக்குத் தோதான நாள். ஆய்வைப் பற்றி அங்கே அறிவித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தலைவர் மாறினாலும் அந்த வரி மாறாது.

மூன்றாவது: முதல் மாதிரி எடுப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

கையெழுத்துப் போடச் சொன்னால் ஊர் சந்தேகப்படும், நட்பாக இருக்கும்போது பத்திரம் எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். நட்பாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். மனக்கசப்பு வந்த பிறகு எழுதினால் அது வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்கும்.

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற அகத்தியமலையின் காணிப் பழங்குடி மக்களின் கதை இதற்குப் பொருத்தம். 1987 டிசம்பரில் அந்தக் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். முதலில் சொல்லத் தயங்கிய இளைஞர்கள் பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் இருக்கிற தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் போனது. வருவதில் பாதி காணி மக்களுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. அந்தக் காலத்தில் அப்படிச் சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் 2002ல்தான் வந்தது. அதனால் உலகம் முழுக்க இதை நல்ல முன்மாதிரியாகப் பேசினார்கள். பேசத்தக்கதும்தான்.

ஆனால் உள்ளே பாருங்கள். பணத்தை வாங்கிக்கொள்ளக் காணி மக்களுக்கு அமைப்பு எதுவும் இருக்கவில்லை. அறக்கட்டளை 1997ல் பதிவாகி, பணம் கைமாறியபோது 1999 ஆகிவிட்டது. செடியைக் காட்டியவர்கள் ஓரிருவர். அறிவோ பல ஊர்களில் சிதறிக் கிடக்கிற மொத்தச் சமூகத்துடையது. தங்கள் மருத்துவ அறிவை விற்பதைக் காணி வைத்தியர்களான பிலாத்திகளில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். காட்டில் செடி எடுப்பதற்கு வனத்துறை தடை சொன்னது. காணி மக்கள் மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் வாழ்கிறார்கள் என்பது இன்னொரு சிக்கல். நல்ல மனசோடு செய்த வேலைதான். யார் சார்பில் யார் சம்மதிப்பது, வருவதை யார் வாங்குவது என்ற இரண்டையும் முதலிலேயே பேசியிருந்தால் இத்தனை வருஷம் இழுத்திருக்காது.

எதிர்ப்பக்க உதாரணம் அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்கிறவர்கள். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். தங்களிடையே பரவிவந்த சர்க்கரை நோய்க்கு விடை கிடைக்கும் என்பதுதான் அவர்கள் நினைப்பு. அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், அவர்கள் முன்னோர் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்றெல்லாம் ஆய்வுகள் நடந்தது 2003ல்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. தாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வழக்கு நடந்து, 2010ல் 41 பேருக்கு 7 லட்சம் டாலரும், மிஞ்சிய ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. எதற்காக என்று ஒரு வரியை இறுக்கமாக எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

உங்கள் ஒப்பந்தத்துக்கு இரண்டு பக்கம் போதும். தமிழில், பெரிய எழுத்தில். பல்கலைக்கழகத்தின் புரிந்துணர்வு ஒப்பந்தம் பதிவாளர் மேசைக்குப் போய்த் திரும்பப் பல மாதம் ஆகும். அது ஒருபக்கம் நகரட்டும். நெறியாளரும் ஊர்ப் பிரதிநிதிகள் அடங்கிய ஊர்க் குழுவும் போடுகிற இந்த இரண்டு பக்கம்தான் அன்றாடம் உதவும். அதில் இந்த மாதிரி வரிகள் இருக்க வேண்டும்:

"தண்ணீர் மாதிரிகளும் அளவுகளும் உப்பு, கடினத்தன்மை, கிருமி ஆகிய மூன்றைச் சோதிக்க மட்டுமே. வேறு எதற்குப் பயன்படுத்தவும் ஊர்க் குழுவிடம் மறுபடி கேட்க வேண்டும்."

"அளவுப் பதிவேட்டின் ஒரு படி ஊரில் மகளிர் குழுக் கட்டடத்தில் இருக்கும். கிணற்றுக்காரர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. எண் மட்டும் வரும்."

"கட்டுரை, அறிக்கை எதுவானாலும் வெளியிடுவதற்கு 30 நாள் முன்பு ஊர்க் குழுவுக்குத் தமிழ்ச் சுருக்கம் தரப்படும். ஊர் தன் மறுப்பை எழுதித் தரலாம். அதுவும் சேர்த்து அச்சாகும். அளந்த எண்களை மாற்றச் சொல்ல இரு தரப்புக்கும் உரிமை இல்லை."

இந்தக் கடைசி வரி பற்றி வாக்குவாதம் வரும். ஊருக்கு முழுத் தடையுரிமை வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பழங்குடி அறிவு, சடங்கு, மருந்து போன்றவற்றில் அது நியாயம் என்றே நினைக்கிறேன். அங்கே சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம். ஆனால் குடிக்கிற தண்ணீரில் கிருமி இருக்கிறதென்று தெரிந்தால் அதை மறைக்கிற உரிமை பஞ்சாயத்துக்கும் கிடையாது, பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. அதுவும் ஊரின் கழிவுநீர்த் தொட்டியே காரணமாக இருந்து, ஆலையோ பண்ணையோ காரணமில்லை என்று வந்தால் ஊருக்குச் சங்கடமாக இருக்கும். அப்படி வரலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காவது: பணம்

ஆய்வு நிதியில் ஊருக்கு எவ்வளவு என்பதை விண்ணப்பம் எழுதும்போதே பிரித்து எழுதுங்கள். பிறகு நுழைக்க முடியாது. அளவு எடுக்கிற ஊர்க்காரருக்குச் சம்பளம், கூட்டத்துக்கு வருகிறவர் இழக்கிற கூலி, டீ, ஒலிப்பதிவை எழுத்தாக்குகிற பெண்ணுக்குக் கூலி, அறிக்கையைத் தமிழில் அச்சடிக்கிற செலவு எல்லாம் தனித்தனி வரியாக வரவேண்டும். 'தன்னார்வலர்கள்' என்று போட்டுச் சும்மா வேலை வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரும் சம்பளத்தோடுதான் வருகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

கணக்குப் பிரிவு பில் கேட்கும். டீக்கடை அக்காவிடம் ஜி.எஸ்.டி. பில் கிடையாது. ரசீதுச் சீட்டு எந்த வடிவத்தில் இருந்தால் ஏற்பார்கள், எவ்வளவு தொகைவரை கையில் கொடுக்கலாம், வங்கிக் கணக்கு யார் பெயரில் வேண்டும் என்பதைக் கணக்குப் பிரிவில் இருக்கும் அந்த ஒரு மனிதரிடம் வேலை தொடங்குமுன்னே உட்கார்ந்து கேளுங்கள். அவரோடு பழகுவதும் களப்பணிதான். பணம் தாமதமாகும் என்றால் தாமதமாகும் என்று ஊரில் முன்னதாகவே சொல்லுங்கள்.

ஐந்தாவது: அனுமதிகள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்குங்கள். உடல்நலம் சம்பந்தப்பட்டால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ல் வெளியிட்ட நெறிமுறைகள் பொருந்தும். தலைவர் சம்மதித்துவிட்டார் என்பதால் தனிமனிதர் சம்மதித்ததாகாது, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் தேவை. ஒப்புதல் படிவத்தைச் சட்டத் தமிழில் எழுதாதீர்கள். "இடர்ப்பாடுகள் ஏதும் நேரா" என்று படித்தால் யாருக்கும் விளங்காது. "இதனால உங்களுக்கு என்ன தொந்தரவு வரலாம்னா" என்று பேச்சாகவே சொல்லி ஒலிப்பதிவாக வாங்கினால் போதும் என்று கேளுங்கள், பல குழுக்கள் ஒத்துக்கொள்ளும். காடு, பழங்குடிப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி தனி, அதற்கு ஏகப்பட்ட நாளாகும்.

ஆறாவது: ஊர்க்காரர் கையில் மீட்டர்

இனிதான் உண்மையான வேலை. கிணற்று நீரின் உப்பை அளக்கப் பேனா மாதிரி ஒரு மின்கடத்துதிறன் மீட்டர் போதும். அதை ஊரில் இரண்டு மூன்று பேருக்குக் கற்றுக்கொடுங்கள். பத்தாவது படித்த பெண்கள் ஆராய்ச்சி உதவியாளர்களைவிட ஒழுங்காக அளப்பதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீரைத்தானே அவர்கள் குடிக்கிறார்கள்.

சொல்லித்தர வேண்டியவை இவ்வளவுதான்: கைபம்பை ஐந்து நிமிஷம் அடித்துப் பழைய தண்ணீரை வெளியேற்றுவது, அதே தண்ணீரால் மூன்று தடவை டம்ளரை அலசுவது, மீட்டரை முக்கி எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பது, உடனே எழுதுவது. வாரம் ஒருமுறை மீட்டர் நிறுவனம் கொடுத்த, அளவு முன்பே தெரிந்த திட்டக் கரைசலில் முக்கிச் சரிபார்ப்பது. எண் விநோதமாக இருந்தால் அடித்துவிட்டு 'சரியான' எண் எழுதுகிற பழக்கம் எல்லோருக்கும் வரும், படித்தவர்களுக்கு இன்னும் அதிகம். அடிக்காதே, பக்கத்தில் குறிப்பு எழுது என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

எப்போது அளப்பது? 'மாதம் நான்கு முறை, ஏழு நாள் இடைவெளியில்' என்று அட்டவணை போட்டால் மறந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி என்றால் கரையில் யாருக்கும் மறக்காது. ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், பெரிதாக இருக்கிற நாட்களும் அவைதான். ஆனால் அந்த இரண்டு நாள் மட்டும் அளந்தால் கடல் ஏறி நிற்கிற நேரத்து அளவுகளாகவே சேரும், கணக்கு ஒருபக்கம் சாயும். இரண்டு அட்டமியையும் சேர்த்துக்கொண்டால் ஓதம் சிறுத்த நாட்களும் கிடைத்துவிடும். ஊர்க் காலண்டரும் உங்கள் புள்ளியியலும் இப்படி ஒத்துப்போகிற இடங்கள் இன்னும் பல உண்டு, கேட்டால்தான் தெரியும். எந்தக் கிணறு எந்தக் காற்றில் கரிக்கும், வடகிழக்குப் பருவமழை எத்தனை நாள் பெய்தால் தெளியும் என்று பாட்டிமார் சொல்வதை அனுமானமாகக் குறித்துக்கொண்டு அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில பொருந்தும், சில பொருந்தாது. பொருந்தாததையும் அவர்களிடம் சொல்லுங்கள், சுவாரஸ்யமாகக் கேட்பார்கள்.

கிருமிக்கு, ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி இருக்கிறது. தண்ணீரைக் குறித்த கோடுவரை ஊற்றி மூடி, ஒருநாள் இரண்டுநாள் வீட்டுக்குள் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் கறுத்துவிடும். ஒரே தட்டில் பத்துக் குப்பிகள், எந்தக் கிணறு என்று எண் ஒட்டி, அதில் நான்கு மட்டும் மை மாதிரி நிற்பதைப் பார்த்துவிட்டால் அப்புறம் விளக்கவே வேண்டாம். இது முதல்கட்டச் சோதனைதான். கறுத்த கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் முறையாகச் சோதித்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். குப்பியை வைத்து மட்டும் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கக் கூடாது.

ஏழாவது: முடிவைத் திருப்பிக் கொடுப்பது

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீரை அந்த ஊர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். நிறமும் நாற்றமும் பற்றி மக்கள் புகார் சொன்னபோது, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றது நிர்வாகம். ஊர்ப் பெண்கள் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸைத் தொடர்புகொண்டார்கள். 2015 ஆகஸ்டில் 300 மாதிரிப் பெட்டிகள் வந்தன. வீடுவீடாகக் கொடுத்ததும், எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தந்ததும், திரும்ப வாங்கியதும் ஊர்க்காரர்கள். இரண்டரை நூறுக்கு மேல் திரும்பி வந்தன. தண்ணீரில் ஈயம் இருப்பது செப்டம்பரில் அம்பலமானது. அக்டோபரில் நகரம் பழைய நீர் ஆதாரத்துக்கே திரும்பியது.

வேகத்தைக் கவனியுங்கள். கட்டுரை ஆய்விதழில் வருவதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. உங்கள் முனைவர் பட்டம் முடிய நாலு வருஷம் ஆகும். அதுவரை ஊர் எதுவும் தெரியாமல் அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊரில் எண்ணை வாசியுங்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்: கிணற்று எண், உப்பளவு, நிறம். இந்தியத் தரக் குறியீட்டின்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். 500க்குக் கீழே பச்சை, 2,000க்கு மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள். அவ்வளவுதான், வரைபடம் தேவையில்லை. கிணற்று எண் யாருடையது என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால் சுவரில் ஒட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில வீட்டுக்காரர்கள் நிலம் விற்க இருப்பார்கள்.

ஆய்விதழ்க் கட்டுரையில் பெயர் போடுவதைப் பற்றியும் பேசிவிடுங்கள். அளந்தவர்களும் அர்த்தம் சொன்னவர்களும் ஆசிரியர்களாக வரலாம். பல இதழ்கள் ஊர்க் குழுவின் பெயரையே ஆசிரியர் பெயராக ஏற்கின்றன. விரும்பாதவர் பெயரைப் போட வேண்டாம். கடைசிப் பக்கத்தில் 'ஒத்துழைத்த பொதுமக்களுக்கு நன்றி' என்று முடித்துவிடுவது மட்டும் கூடாது.

எட்டாவது: கிளம்புவது

ஃபிளின்ட் கதைக்குப் பின்பகுதி ஒன்று உண்டு. பிறகு அந்தப் பேராசிரியருக்கும் ஊர்ச் செயல்பாட்டாளர்கள் சிலருக்கும் கசந்துபோனது. 2018ல் அவர் சிலர்மேல் அவதூறு வழக்கே போட்டார். மறு வருஷம் அது தள்ளுபடியானது. ஊர் சார்பில் யார் பேசுவது, தண்ணீர் இப்போது பாதுகாப்பானதுதான் என்று யார் அறிவிப்பது என்ற விவகாரம்தான் அதற்குள் இருந்தது. வெற்றி பெற்ற கூட்டாளிகளுக்கே இந்த நிலை என்றால் நாம் முடிவுத் தேதியைப் பற்றி முதலிலேயே பேசுவது நல்லது.

நிதி எப்போது முடிகிறது என்று ஊருக்குச் சொல்லுங்கள். மீட்டர் ஊரில் இருக்குமா, துறைக்குத் திரும்புமா? பல்கலைக்கழகச் சொத்துப் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கொடுத்துவிட்டு வர முடியாது, ஆகவே ஊருக்கென்று தனி மீட்டருக்கு முதலிலேயே நிதி ஒதுக்குங்கள். பதிவேட்டின் மூலப்படி ஊருக்கு, நகல் உங்களுக்கு. கடைசி அறிக்கையை ஊராட்சி மன்றம், வட்டார வளர்ச்சி அலுவலகம் இரண்டிலும் ஊர்க்காரர்களே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்கி வரட்டும். நீங்கள் கூடப் போகலாம், பின்னால் நில்லுங்கள்.

ஊர்ப் பக்கமிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு

உங்கள் ஊருக்கு ஆய்வு என்று யாராவது வந்தால் கதவைச் சாத்த வேண்டியதில்லை; சிலவற்றைக் கேட்டுவிட்டுப் பாய் போடுங்கள். காசு யார் கொடுக்கிறார்கள்? எங்கள் பெயர், படம், குரல் எங்கே போகும், எத்தனை வருஷம் இருக்கும்? பாதியில் வேண்டாம் என்றால் எடுத்ததை அழிப்பீர்களா? தப்பு நடந்தால் உங்களுக்கு மேலே யாரிடம் போய்ச் சொல்வது? நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள். இதற்கு முன் வேலை செய்த ஊர் எது என்றும் கேளுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு போன் போட்டு, "இவங்க திரும்பி வந்தாங்களா?" என்று விசாரித்துக்கொள்ளலாம்.